கழிவு மண்ணில் விளைந்த கலை

ஓவியம், சிற்பம் என்றால் அவை வசதி படைத்தோரின் மண்டபங்களுக்கு உரியவை என்றே எம்மிற் பலர் எண்ணுகிறோம். காணியை விட்டு, கிணற்றை விட்டு, மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வந்து, உறவினர் வளவிலோ நலன்புரி நிலையத்திலோ நாட்களைக் கழிக்கும் ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு வெளிநாட்டுக் கலைஞர்களைப் பற்றிய பாடம் எதற்கு என்று யாராவது கேட்டால், அக்கேள்வி நியாயமானதே.

ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் கலையுலகில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. நீரும் நிலமும் காற்றும் மாசடைவதைக் கண்ட சில கலைஞர்கள், அதைப் படமாக வரைவதோடு நிற்காமல் நேரே நிலத்தில் இறங்கினார்கள். மண்ணைக் கொத்தினார்கள். சால் போட்டு விதைத்தார்கள். நீரை வடித்தார்கள். மரம் நட்டார்கள். சுருங்கச் சொன்னால், கமக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலையையே தமது கலையாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இப்படைப்புகளை எடைபோடும் தகுதி நகரத்து அறிஞரைவிட எமது வாசகர்களுக்கே அதிகம் உண்டு.

இப்பாடத்தில் நான்கு படைப்புகளைப் பார்ப்போம். ஒன்று நீரைப் பற்றியது. ஒன்று மண்ணைப் பற்றியது. ஒன்று வயலைப் பற்றியது. மற்றது மரத்தைப் பற்றியது. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியை மனதில் வைத்திருப்போம்: கெட்டுப்போன நிலத்துக்கு, அல்லது நாம் நெடுநாள் விட்டுப் பிரிந்த நிலத்துக்கு, மீண்டும் செல்லும்போது முதலில் செய்ய வேண்டியது என்ன?

1. நீர்: அழுக்கை எல்லோரும் காணச் செய்தல்

ஹான்ஸ் ஹாக்க என்பவர் 1936இல் ஜேர்மனியில் றைன் நதிக் கரையிலுள்ள கொலோன் நகரில் பிறந்தவர். அவர் பிறந்த நாட்டின் பெரு நதியாகிய றைன், தொழிற்சாலைக் கழிவுகளாலும் நகரக் கழிவுநீராலும் மிக மோசமாக மாசடைந்திருந்தது. 1972இல் அதே நதிக் கரையிலுள்ள கிறேபெல்ட் நகரின் நூதனசாலையில் ஒரு கண்காட்சி வைக்கும்படி அவரை அழைத்தார்கள்.

அவர் ஓவியம் எதையும் கொண்டுசெல்லவில்லை. நதியின் அழுக்கு நீரைப் பெரிய கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி வைத்தார். அந்த நீரை ஒரு தொட்டிக்கு இறைத்து, இரசாயனப் பொருள் சேர்த்து அழுக்கை அடியில் படியவிட்டார். பின்னர் கரியும் மணலும் கொண்ட வடிகளினூடாக அதைச் செலுத்தினார். முடிவில் தெளிந்த நீர் ஓர் அகன்ற தொட்டியில் விழுந்தது. அத்தொட்டியில் தங்கமீன்கள் நீந்தின. மிகுதி நீர் வெளியே நூதனசாலைத் தோட்டத்து மண்ணுக்குச் சென்றது. இதுதான் முழுப் படைப்பும்.

எமது கிராமங்களில் பானையில் மணலும் சிரட்டைக்கரியும் இட்டு நீர் வடித்தவர்களுக்கு இது புதினமான விடயம் அல்ல. ஆனால் இதை அவர் எங்கே வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நூதனசாலை நகரசபைக்கு உரியது. ஆண்டுக்கு 42 மில்லியன் கன மீற்றர் கழிவுநீரை றைன் நதியில் விட்டுக்கொண்டிருந்ததும் அதே நகரம்தான். அதே கண்காட்சியில் சுவரில் தொங்கிய இன்னொரு படைப்பில், எவரெவர் எவ்வளவு கழிவை ஆற்றில் விடுகிறார்கள் என்ற விபரத்தையும் அவர் எழுதி வைத்தார். நகரத்தின் சொந்த மண்டபத்திலேயே நகரத்தின் அழுக்கு போத்தலில் நின்றது. பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம் கலங்கல் நீரையும் மறுபக்கம் உயிருள்ள மீனையும் ஒன்றாகக் கண்டார்கள். இந்த நீர் கெட்டது என்பதும், முயன்றால் திருத்தலாம் என்பதும் ஒரு சொல்லும் பேசாமலே அவர்களுக்கு விளங்கின.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஒரு கிணறு கெட்டால் அந்த வீட்டார் மட்டும் முணுமுணுத்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போவது எமது வழக்கம். அழுக்கு ஒரு வீட்டின் குறையாகவே நின்றுவிடுகிறது. அதை எல்லோரும் காணும் இடத்தில், அளவோடும் விபரத்தோடும் வைத்தால் அது ஊரின் பொறுப்பாகிறது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2010களின் நடுப்பகுதியில் பொதுப் பிரச்சினையாக எழுந்ததும், தனித்தனி வீட்டாரின் முறைப்பாடு ஊரின் குரலாக மாறியபோதுதான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். மணலும் கரியும் கலங்கலை நீக்கும். மணத்தை ஓரளவு குறைக்கும். பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் சேரும் நைத்திரேற்றையோ உப்பையோ அவை நீக்கமாட்டா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் இது முக்கியமான விடயம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் நீரில் நைத்திரேற்று மிகுந்தால் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். எனவே நீர் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் குடிக்கலாகாது.

2. மண்: கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

நீரின் அழுக்கைக் கண்ணால் ஓரளவு காணலாம். மண்ணில் சேரும் உலோக நஞ்சைக் காண முடியாது. அதற்கு மணமும் இல்லை. கட்மியம் என்ற உலோகம் அவற்றுள் ஒன்று. சிலவகைப் பற்றரிகள், நிறப்பூச்சுகள், சுரங்கக் கழிவுகள் ஆகியவற்றிலிருந்து அது மண்ணுக்கு வருகிறது. சில பொஸ்பேற்றுப் பசளைகளிலும் சிறிதளவு உண்டு. நெற்பயிரும் இலைக்கறிகளும் அதை வேரால் உறிஞ்சக்கூடியவை.

யப்பானில் டோயாமா மாவட்டத்தின் ஜின்சு ஆற்றுப் படுக்கையில் நடந்ததை இதற்கு உதாரணமாகக் கூறலாம். ஆற்றின் மேற்பகுதியிலிருந்த சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரே வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியை ஆண்டாண்டாக உண்ட மக்களுக்கு, விசேடமாகப் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் நொருங்கின. 1968இல் யப்பானிய அரசாங்கம் அதைச் சூழல் மாசினால் வந்த நோய் என ஏற்றுக்கொண்டது. அந்த வயல் மண்ணைச் சீர்செய்யும் வேலை 2012 வரை நீண்டது. மண் கெடுவதைவிட மண்ணைத் திருத்துவது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு இது சான்று.

இத்தகைய மண்ணை மலிவாகவும் மெதுவாகவும் திருத்த வழியுண்டா என்று கேட்டவர் மெல் சின் என்ற அமெரிக்கக் கலைஞர். சீனப் பெற்றோருக்கு 1951இல் பிறந்தவர். மண்ணிலுள்ள உலோகத்தைத் தம் இலைகளில் மிகுதியாகச் சேர்த்துவைக்கும் சில செடிகள் உள்ளன என்று அவர் அறிந்தார். அச்செடிகளைக் கொண்டு மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று அமெரிக்க விவசாயத் திணைக்கள விஞ்ஞானி றூபஸ் சேனி 1980களிலேயே எழுதியிருந்தார். ஆனால் அந்நாட்டில் அதை நிலத்தில் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. கலைஞரும் விஞ்ஞானியும் சேர்ந்தார்கள்.

1991இல் மினசோட்டா மாநிலத்தின் சென் போல் நகரில், கட்மியத்தால் மாசடைந்த பழைய குப்பைமேடு ஒன்றில் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். 60 அடிக்கு 60 அடி நிலம். எமது கணக்கில் ஒன்றேகால் பரப்புக்குச் சற்று மேல். அதைச் சதுரமாக வேலியடைத்தார்கள். அதனுள்ளே ஒரு வட்டம். வட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் இரண்டு நடைபாதைகள். வட்டத்துக்குள் 96 சிறு பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் வெவ்வேறு செடியும் மண் பராமரிப்பு முறையும் சோதிக்கப்பட்டன. 'மறுமலர்ச்சி வயல்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்.

இந்த வேலைக்கு அமெரிக்காவின் தேசிய கலை நிதியம் வழங்கவிருந்த 10,000 டொலரை அதன் தலைவர் 1990இல் முதலில் மறுத்தார். இது கலைதானா என்பதே அவருக்கு எழுந்த ஐயம். சின் நேரிற் சென்று விளக்கியபின் உதவி வழங்கப்பட்டது. சிற்பி கல்லில் வேண்டாததைச் செதுக்கி நீக்கி உருவத்தை வெளிக்கொணர்வது போல, தாம் மண்ணில் வேண்டாத நஞ்சை நீக்கி மண்ணின் உயிரை வெளிக்கொணர்வதாகவே சின் இவ்வேலையைக் கருதினார். அவருக்குச் செடிதான் உளி.

மூன்று ஆண்டுகள், 1993 வரை, பயிரிட்டுப் பார்த்தார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி, தாவரவியலார் அப்போது திலாஸ்பி என்று அழைத்தது, கட்மியத்தையும் நாகத்தையும் நன்றாக இழுத்தெடுத்தது. இவ்வாறு வளர்ந்த செடியை அறுத்து, உலர்த்தி, பாதுகாப்பான முறையில் எரித்தால் உலோகம் சாம்பலில் தங்கும். சாம்பலிலிருந்து உலோகத்தை மீட்கவும் கூடும்.

இதைப் படித்ததும் எமது சமையற் கடுகை விதைத்தால் மண் சுத்தமாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது வேறு, இது வேறு. அந்தக் குப்பைமேடு முழுவதும் அந்தச் சிறு வயலால் சுத்தமாகிவிடவும் இல்லை. அது ஒரு சோதனை. இம்முறையால் ஒரு நிலத்தைத் திருத்தப் பல ஆண்டுகள் செல்லும். நஞ்சை இழுத்த செடியை மனிதரும் உண்ணலாகாது, ஆடு மாட்டுக்கும் கொடுக்கலாகாது, பசளைக் குழியிலும் போடலாகாது.

எமக்கு இதிலுள்ள பாடம் இதுதான்: விதைப்பதற்கு முன் மண்ணைக் கேட்டறிய வேண்டும். நெடுங்காலம் விட்டுச்சென்ற காணியில் என்ன நடந்தது? வாகனங்கள் நின்றனவா? எண்ணெய் கொட்டப்பட்டதா? பற்றரிகள், இரும்புக் கழிவுகள் புதைக்கப்பட்டனவா? கடல்நீர் ஏறியதா? கண்ணிவெடி அபாயமுள்ள பகுதியானால், அகற்றும் வேலை முடிந்து உரிய அதிகாரிகள் அனுமதிக்கும்வரை காணிக்குள் கால்வைக்கவே கூடாது. பின்னர் விவசாயப் போதனாசிரியர் மூலம் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அந்த முடிவோடு பயிரைத் தெரிவு செய்வது நல்லது.

3. வயல்: ஒரு போகம் மட்டும் இருந்த நிலம்

அக்னஸ் டெனெஸ் 1931இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். சுவீடனில் சில காலம் வாழ்ந்து பின்னர் அமெரிக்காவிற் குடியேறியவர். தாய்நாட்டையும் தாய்மொழியையும் விட்டு வந்த பெண் என்பதை நினைவிற்கொண்டு அவரது வேலையைப் பார்க்கலாம்.

நியூயோர்க் நகரின் மன்ஹாற்றன் தீவின் தென்முனையில், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைக் கட்டும்போது தோண்டிய மண்ணையும் கல்லையும் ஆற்றோரத்தில் கொட்டிப் புதிதாக நிலம் உண்டாக்கியிருந்தார்கள். அந்நிலத்தின் பெறுமதி 4.5 பில்லியன் அமெரிக்க டொலர் என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது. 1982இல் அது கல்லும் கறள்பிடித்த குழாய்களும் பழைய ரயர்களும் நிறைந்த வெற்றிடம். அங்கே ஒரு சிலை வைப்பதற்குப் பதிலாக, 2 ஏக்கரில், அதாவது 32 பரப்பில், கோதுமை விதைக்க டெனெஸ் தீர்மானித்தார்.

லொறிகளில் 200 சுமை மண் கொண்டுவந்து பரப்பினார்கள். மேலே நல்ல மண் ஓர் அங்குல அளவே இருந்தது. கல்லையும் குப்பையையும் பொறுக்கி அகற்றி, 285 சால்களைக் கையாலேயே வெட்டினார்கள். மே மாதத்தில் கையால் விதைத்து மண்ணால் மூடினார்கள். நீர்ப்பாசனக் குழாய்கள் அமைத்து, களை பிடுங்கி, பசளையிட்டு, பங்கசு நோய்க்கு மருந்தடித்து நான்கு மாதம் பார்த்தார்கள். 1982 ஓகஸ்ட் 16இல் அறுவடை. 1,000 இறாத்தலுக்கு மேல், ஏறக்குறைய 9 அந்தர் கோதுமை கிடைத்தது.

கமக்காரர் கண்ணால் பார்த்தால் 32 பரப்புக்கு 9 அந்தர் என்பது பெரிய விளைச்சலே அல்ல. ஓர் அங்குல மண்ணில் அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் அந்த வயல் நின்ற இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் உலகின் பணம் கைமாறும் வோல் வீதி. பின்னே இரட்டைக் கோபுரங்கள். எதிரே கடலில் சுதந்திர தேவி சிலை. கந்தோர்களுக்குச் செல்வோர் சன்னலால் எட்டிப் பார்க்க, கீழே கதிர் முற்றி மஞ்சளாக அசைந்தது. இத்தனை பணமுள்ள உலகில் பசி ஏன்? நிலத்தின் பெறுமதியை எதைக் கொண்டு அளக்கிறோம்? அந்த நகரத்திடம் வயல் கேட்ட கேள்விகள் இவை. 'எதிர்கொள்ளல்' என்று பொருள்படும் சொல்லை அப்படைப்பின் பெயரில் அவர் சேர்த்தது அதற்காகவே.

ஒரே போகம். அதன்பின் அங்கே மாடிக் கட்டடங்கள் எழுந்தன. இன்று அந்த வயலின் சுவடும் இல்லை. இரட்டைக் கோபுரங்களும் 2001 செப்டெம்பரில் தாக்கி அழிக்கப்பட்டன. ஆனால் கோதுமை மணி அழியவில்லை. 1987 முதல் 1990 வரை, உலகப் பசியை ஒழிக்க வேண்டும் என்ற கருப்பொருளில் 28 நகரங்களுக்குச் சென்ற ஒரு கண்காட்சியோடு அதுவும் பயணம் செய்தது. பார்க்க வந்தவர்கள் விதையை வாங்கிச் சென்று தத்தம் ஊர்களில் விதைத்தார்கள். 2015இல் இத்தாலியின் மிலான் நகர மத்தியில் 5 ஹெக்டயரில் அதே படைப்பு மீண்டும் விளைவிக்கப்பட்டது.

இரவல் நிலத்தில் ஒரு போகம் செய்வதென்றால் என்னவென்று இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. குடிசைக்குப் பின்னால் இரண்டு முழ நிலத்தில் கத்தரியும் பயிற்றையும் நட்டு, காய்க்கும் முன்பே மீண்டும் எழும்பிப் போனவர்கள் எம்மத்தியில் உண்டு. "எல்லாம் வீண்தானே" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். நிலம் எமது கையில் இல்லாதபோதும் விதையும் விதைக்கும் அறிவும் எமது கையில் உண்டு. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த ஒரு பிடி மிளகாய் விதை, ஊரில் மூன்று தலைமுறை காத்த இனமாக இருக்கலாம். அதை ஆண்டுக்கொரு முறையாவது இரண்டு சாடியில் நட்டு விதையைப் புதுப்பிக்காவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். ஊர் திரும்பும் நாளில் கடையில் வாங்க முடியாதது அதுவே.

இங்கும் ஓர் எச்சரிக்கை. குப்பைமேட்டில் நேரடியாக உணவுப் பயிர் செய்யும்படி நாம் கூறவில்லை. டெனெஸ் வேறு மண் கொண்டுவந்து பரப்பியே விதைத்தார். நிலம் ஐயத்துக்குரியதானால் சாக்கிலோ சாடியிலோ நல்ல மண் நிரப்பிப் பயிரிடுவதே பாதுகாப்பு.

4. மரம்: குறையும் கற்குவியல்

ஜேர்மனியின் காசல் நகரம் இரண்டாம் உலகப் போரில், 1943இல், குண்டுவீச்சால் பெரும்பாலும் அழிந்தது. போருக்குப் பின் நகரம் சீமெந்தும் தாருமாக மீண்டும் எழுந்தது. 1955 முதல் அங்கே உலகப் புகழ்பெற்ற கலைக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. 1982இல் அக்கண்காட்சிக்கு ஜோசப் போய்ஸ் என்ற கலைஞர் அழைக்கப்பட்டார். போர்க்காலத்தில் ஜேர்மன் விமானப்படையில் இருந்தவர் அவர்.

அவர் 7,000 கருங்கற் தூண்களைக் கொண்டுவந்து நூதனசாலைக்கு முன்னாலுள்ள புற்றரையில் குவிப்பித்தார். மக்கள் முகம் சுழித்தார்கள். அவர் விதித்த விதி ஒன்றே: நகரில் ஒரு மரம் நடப்பட்டால்தான் ஒரு கல்லை எடுக்கலாம், அக்கல்லை அந்த மரத்தின் அருகில் நாட்ட வேண்டும். 7,000 மரங்களும் நடப்பட்டால் கற்குவியல் தானாகவே மறையும். ஒரு மரத்துக்கு 500 ஜேர்மன் மார்க் என்று பணம் திரட்டப்பட்டது. எங்கே நடுவது என்பதைப் பாடசாலைகளும் அயலவர் குழுக்களும் கூடிப் பேசின.

முதலாவது ஓக் மரத்தை 1982 மார்ச் மாதத்தில் போய்ஸ் நட்டார். வேலை முடியுமுன்னரே, 1986 ஜனவரியில், அவர் காலமானார். மக்கள் நிறுத்தவில்லை. 1987இல் கடைசி மரத்தை, முதல் மரத்துக்கு அருகில், அவரது மகன் நட்டார். ஐந்து ஆண்டுகள் சென்றன. மரமும் கல்லும் இன்றும் அந்நகர வீதிகளில் நிற்கின்றன. நட்டபோது கல் உயர்ந்து கன்று சிறியதாயிருந்தது. இன்று மரம் வானளாவ, கல் அதன் காலடியிற் கிடக்கிறது.

கற்குவியல் என்பது ஊர் முன்றலில் வைத்த கணக்குப் புத்தகம் போன்றது. எவ்வளவு வேலை முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை எழுத வாசிக்கத் தெரியாதவரும் கண்ணால் அறிவார். எத்தனையோ மரநடுகை விழாக்களில் கன்று வைத்துப் படம் எடுத்தபின் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போவதைக் காண்கிறோம். நட்டவர் எவர், பார்ப்பவர் எவர், மிச்சம் எத்தனை என்று எல்லோர் கண்ணிலும் படும் ஒரு கணக்கு இருந்தால் அப்படி நேராது. பனங்கொட்டை புதைத்த எமது முன்னோரும், தாம் அதன் பயனை உண்போம் என்று எண்ணிப் புதைக்கவில்லை.

சிந்தனைக்கு

மனிதரைத் தோட்டத்தில் வைத்த இறைவன் அதைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. பண்படுத்தல், காத்தல் ஆகிய இரண்டும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. பயன் எடுத்துவிட்டுக் காக்காமல் விட்டதன் விளைவே இன்றைய மாசு.

இறைவாக்கினர் எரேமியாவின் வரலாறு எமது நிலைக்கு இன்னும் நெருக்கமானது. எருசலேம் நகரைப் பகைவர் முற்றுகையிட்டிருந்தனர். எரேமியா காவலில் இருந்தார். நாடு கைவிட்டுப் போகப்போகிறது என்பது அவருக்கே நன்கு தெரியும். அந்த வேளையில் அவர் அனத்தோத்து ஊரில் தம் உறவினரின் வயலை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுநாள் கெடாதிருக்க மட்பாண்டத்தில் வைக்கச் செய்தார். வயலும் தோட்டமும் மீண்டும் வாங்கப்படும் காலம் வரும் என்பதற்கு அது அடையாளம். கண்முன் போர் நடக்கும்போது அவர் செய்த அச்செயலை, மக்கள் காணச் செய்யப்பட்ட ஒரு கலைச் செயல் என்றும் சொல்லலாம். காணி உறுதியும் ஒரு பிடி விதையும் பத்திரமாக இருக்கின்றனவா என்று இன்று மாலையே வீட்டில் பார்த்துக்கொள்வோம்.

செய்து பார்ப்போம்

ஐந்து முதல் பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் செய்யலாம். செலவில்லை.

முதலாவது, தரையில் ஒரு படம். இப்போது வசிக்கும் இடத்தின் படத்தைத் தரையில் சாம்பலாலும் செங்கட்டித் தூளாலும் வரையுங்கள். கிணற்றுக்குச் சிரட்டை, மலசலகூடத்துக்குக் கல், குப்பைக் குழிக்கு உலர்ந்த இலை, மரத்துக்குப் பச்சைக் குழை வையுங்கள். சிறுவரும் முதியோரும் சேரட்டும். மழை நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கோடு இழுங்கள். எந்தக் கிணற்றுக்கு ஆபத்து என்பது படத்திலேயே தெரியும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தை அடியால் அளந்து எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, போத்தல் வரிசை. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே நாளில் ஒரே அளவான கண்ணாடிப் போத்தலில் நீர் எடுத்து, கிணற்றின் பெயரையும் திகதியையும் ஒட்டி, ஆலய முன்றலிலோ வாசிகசாலையிலோ வரிசையாக வையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் செய்து ஒப்பிடுங்கள். நிறம், மணம், அடியிற் படியும் மண், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காட்சிக்கு வைத்த நீரைக் குடிக்க வேண்டாம். ஐயமுள்ள கிணற்று நீரை ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

மூன்றாவது, விதைக் கணக்கு. ஒவ்வொரு குடும்பமும் ஊரிலிருந்து கொண்டுவந்த விதைகளைச் சொல்லட்டும். எவரிடம் எது உண்டு, எது அழிந்துபோயிற்று என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரே விதை இரண்டு வீட்டிலாவது இருக்கும்படி பகிர்ந்து கொள்ளுங்கள்.

கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊரில் எல்லோரும் அறிந்தும் எவரும் பேசாத மாசு எது? அதை எங்கே, எப்படிக் காட்சிக்கு வைக்கலாம்?

2. நாம் விட்டுவந்த காணியில் எமது காலத்திலேயே நாம் இட்ட பசளையும் கிருமிநாசினியும் மண்ணுக்கும் கிணற்றுக்கும் என்ன செய்திருக்கும்? திரும்பிச் சென்றால் எதை மாற்றுவோம்?

3. ஒரு போகத்துக்கு மட்டும் கிடைக்கும் இரவல் நிலத்தில் எதை நடுவது நல்லது? பயனை உடனே தருவதையா, விதையைக் காப்பதையா? இரண்டுக்கும் இடம் பிரிக்க முடியுமா?

4. காசல் நகரின் கற்குவியலைப் போல, எமது பொது வேலை ஒன்றின் மிச்சத்தை எல்லோரும் காணும்படி எதைக் கொண்டு காட்டலாம்?

5. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு ஊர் மண் தெரியாது. அவர்களுக்கு உழவும் விதைப்பும் எவ்வாறு கற்பிப்போம்? யார் கற்பிப்பது?